அதே கவசம் எது?

பழைய கவசம் ஒன்றை ஆராய்ந்து, அதே அளவில், அதே பொருளில், அதே முறையில் இன்னொன்றைச் செய்து முடித்தபின் கையில் இருப்பது எது? பழைய கவசமே திரும்பி வந்துவிட்டதா, அதன் சாயல் மட்டும் வந்திருக்கிறதா, அல்லது இரண்டுமில்லாத புதுப்பொருள் ஒன்று பிறந்திருக்கிறதா? இந்தக் கேள்வி பட்டறையோடு முடிவதில்லை. ஒரு பொருளை 'அதே பொருள்' ஆக்குவது அதன் மூலப்பொருளா, வடிவமா, அது செய்யும் வேலையா என்று இந்தியத் தத்துவ மரபுகள் குடத்தையும் துணியையும் முன்வைத்து நெடுங்காலம் வாதிட்டன. தமிழ்நாட்டுக் கோயில்களோ அதே கேள்விக்குத் திருமேனிகள், ஆயுதங்கள், அணிகள் வழியாகச் செயலிலேயே விடை சொல்லி வருகின்றன. இதைப் பார்க்கப் பழனி மலைத்தொடர் நல்ல இடம். தேவர் படைக்குத் தலைவனான முருகன் அங்கே கோவணமும் தண்டமுமாக, மேலுக்கு ஒன்றுமில்லாமல் நிற்கிறான். அவனைத் துதிக்கும் நூல்களிலோ வீடுதோறும் ஒலிப்பவை கவசங்கள்.

விசயநகர, நாயக்கர் காலத்தில் இந்த மலையடிவாரம் படைவீரர்களின் நிலம். 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தபோது, விருப்பாட்சியும் ஆயக்குடியும் அவற்றுள் இடம்பெற்றன. அழைத்தபோது ஆளும் ஆயுதமும் கொண்டுவருவது பாளையக்காரரின் கடமை. அந்த ஆட்கள் எதை அணிந்தார்கள் என்று தேடினால் கைக்கு அகப்படுவது மிகக் குறைவு. தோல் மட்கும், துணியைக் கரையான் தின்னும், இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடிக்காததைக் கொல்லன் காய்ச்சிக் கலப்பைக் கொழுவாக அடித்துவிடுவான். பழனிக்கு அருகே பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், பொ.ஆ.மு. 490 என்று காலம் கணிக்கப்பட்ட நெல் ஒரு பானைக்குள் கிடைத்தது. ஈமக்குழியில் மூடி வைத்த நெல்மணி இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு நிலைத்திருக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டிய தோல்கேடயம் ஐந்நூறு ஆண்டுகூட நிற்பதில்லை.

மண்ணும் கரையானும் விட்டுவைத்ததை நிர்வாகம் அழித்த கதையும் உண்டு. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில் நாயக்கர் காலம் தொட்டுச் சேர்ந்த படைக்கலங்கள் இருந்தன. கடைசி மராத்திய மன்னர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். 1863இல் ஆங்கிலேய அரசு அந்த ஆயுதசாலையைக் கலைத்தது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோனது. அப்போது தேர்வில் பங்கெடுத்த வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் எழுதிய கட்டுரை, அங்கே என்னென்ன இருந்தன என்பதற்கு முக்கியமான சாட்சி. தென்னிந்தியப் படைக்கலம் பற்றி இன்று ஆராய்கிறவர் எவரும் அந்தக் கட்டுரையையும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தையும் தாண்டிச் செல்ல முடியாது.

பொருள் போன இடத்தில் எழுத்தும் கல்லும் நிற்கின்றன. 1520ஐ ஒட்டி விசயநகரத்தைப் பார்த்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பயஸ், மகாநவமி விழா முடிந்ததும் கிருஷ்ணதேவராயர் படையைப் பார்வையிட்ட காட்சியை விரிவாக எழுதியிருக்கிறார். குதிரைவீரர்கள் பட்டும் சரிகையும் போர்த்திய மெத்துக் கவசம் அணிந்திருந்தார்கள். உள்ளே பதப்படுத்தாத தடித்த தோல் பல அடுக்குகளாக வைக்கப்பட்டு, இரும்புத் தகடுகளால் உறுதியூட்டப்பட்டிருந்தது. சில தகடுகளுக்குப் பொன்முலாம், சில வெள்ளியாலேயே ஆனவை. தலைக்கவசங்களில் கழுத்தை மூடும் விளிம்பும் முகத்தைக் காக்கும் பகுதியும் இருந்தன. காலாட்களின் கேடயங்களில் பொன் வெள்ளிப் பூக்கள், புலி உருவங்கள். சிலவற்றில் வெள்ளி இலைவேலை. சில கறுத்து, முகம் பார்க்கலாம் என்னும்படி மெருகேறியவை. இத்தனை நுணுக்கமாக எழுதியவர் கண்டது போர்க்களம் அன்று, விழா. அம்பாளுக்கு ஒன்பது நாள் பூசை நடத்திய கையோடு அரசன் பார்த்த அணிவகுப்பு அது. ஆகவே அவர் குறிப்பை வைத்துக் கவசம் செய்கிறவர் போருக்குப் போன உடையைச் செய்கிறாரா, வழிபாட்டுக்கு வந்த உடையைச் செய்கிறாரா என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுகிறது.

கல்லிலும் அதே சிக்கல். திருவரங்கத்துச் சேஷராய மண்டபத்தில் பாய்ந்தெழும் குதிரைகளும், அவற்றின் கீழே வாளும் கேடயமும் ஏந்திய காலாட்களும் இருக்கிறார்கள். திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் வாளும் கேடயமும் கொண்ட வீரபத்திரர், நாகபாணம் ஏந்திய கர்ணன். கேடயத்தின் குமிழ், விளிம்பு, அதைப் பிடித்த மணிக்கட்டின் வளைவு வரை சிற்பி காட்டுகிறார். ஆனால் சிற்பி கடவுளுக்கு வேலை செய்கிறவர். அவர் கணக்கு தாளமானம் என்னும் உருவ அளவுமுறை. வீரனின் மார்பில் முத்துமாலை தொங்கும். தோலின் தையல் தெரியாது. ஆறுமுகனின் பன்னிரு கைகளில் கட்கத்தோடு கேடகமும் வருகிறது. அது தெய்வத்தின் அடையாளம். அடி தாங்கிய கேடயத்தின் படம் அன்று. சிற்பத்தை ஆவணமாகப் படிக்கிறவர்கள் இதை மறந்தால், செய்து முடித்த கவசம் நாடகமேடைக்குத்தான் பொருந்தும்.

ஒரு கேடயத்தைத் திரும்பச் செய்வதில் அடங்கிய வேலை சிறிதன்று. இந்தியாவின் வட்டக் கேடயங்களில் பெரும்பாலானவை எருமை அல்லது காண்டாமிருகத் தோலால் ஆனவை. தோலை ஊறவைத்து, குழிந்த அச்சில் அழுத்தி உலர்த்தி, மேலே அரக்கோ எண்ணெய்ப் பூச்சோ ஏற்ற வேண்டும். வெளிப்பக்கம் தெரியும் நான்கு உலோகக் குமிழ்களும் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. அவற்றின் ஆணிகள் தோலைத் துளைத்துப் பின்னால் வளையங்களாக முடிகின்றன. கைப்பிடிக் கயிறுகள் அந்த வளையங்களில் கட்டப்பட, விரல் முட்டிகள் படும் இடத்தில் ஒரு சிறு மெத்தை அமைகிறது. இதில் செய்துபார்த்தால் மட்டுமே தெரியும் சங்கதிகள் உண்டு. தோல் உலரும்போது எவ்வளவு சுருங்கும், எந்தப் பக்கம் திருகும், ஆணித்துளையை எப்போது போட வேண்டும் என்பவை பழைய கேடயத்தைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டுப் பெருங்கேடயங்களைச் செய்துபார்ப்பவர்களும் மரப்பலகை, தோல், துணி, சுண்ணப்பூச்சு என்று அடுக்கடுக்காக இதே வகைப் பாடத்தைத்தான் படிக்கிறார்கள். அந்தக் கேடயங்கள் பலவற்றில் புனித ஜார்ஜ் தீட்டப்பட்டிருப்பதும் தற்செயல் அல்ல. பலகை அடியைத் தடுக்க, படம் ஆளைக் காக்க. ஐரோப்பிய உலோகக் கவசங்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து ஆலன் வில்லியம்ஸ் 2003இல் வெளியிட்ட பெருநூல் வேறொரு வழியைக் காட்டுகிறது. உலோகத்தின் உள்ளமைப்பைப் பார்க்கும் வழி அது. அறிய வேண்டுமானால் மூலப்பொருளைத் துளியாவது தீண்டியாக வேண்டும் என்ற விலை பெரும்பாலும் அதில் உண்டு. மறுபடி செய்வது மூலத்தைத் தொடாமல் அறிகிற வழி.

இப்படிச் செய்த கேடயம் 'அதே' கேடயமா? நியாய, வைசேடிக மரபுகளின் விடை கண்டிப்பானது. நூல்கள் சேர்ந்து துணி ஆகும்போது, நூல்களுக்கு அப்பால் துணி என்ற புதிய முழுமை தோன்றுகிறது. காரியம் காரணத்தில் முன்பே இருந்ததில்லை. ஒரு நூலை உருவிவிட்டால் பழைய துணி அழிந்தது. இருப்பது குறைந்த வேறொரு துணி. இந்தக் கணக்குப்படி மெத்துக் கவசத்தில் ஓர் ஒட்டுப் போட்டாலே அது வேறு கவசம், புதிதாகச் செய்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கவசம் என்னும் சாதி மட்டும், தனிப்பொருள் திரும்பாது. பௌத்தர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். மிலிந்தன் என்ற அரசனிடம் நாகசேனர் தேரை வைத்துக் காட்டியதுபோல, சக்கரமும் அச்சும் நுகமும் அன்றித் தேர் என்று தனியாக ஒன்றில்லை, பெயர்தான் உண்டு. அப்படியானால் பழைய கவசமும் ஒரு வழக்குப் பெயர், புதியதும் ஒரு வழக்குப் பெயர். எது உண்மையானது என்ற சண்டைக்கே இடமில்லை. அருங்காட்சியகம் நடத்துகிறவர்களுக்கு இந்த விடை பயன்படாது.

சைவ சித்தாந்தம் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. இல்லாதது தோன்றாது, உள்ளது முற்றாக அழியாது என்ற சற்காரியவாதம் அதற்கு அடிப்படை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞான போதமும் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் உலகத் தோற்றத்தை விளக்க எடுத்துக்கொண்ட வாய்பாடு இது. குடம் மண்ணில் நுண்ணிலையில் இருக்கிறது. குயவன் அதை வெளிப்படுத்துகிறான். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். கேடயத்துக்கு இதைப் பொருத்தினால் தோல் முதல், அச்சும் ஊசியும் துணை, கைவினைஞர் நிமித்தம். மூன்றில் எது தொலைந்தது என்று கேட்கும்போதுதான் மறு உருவாக்கத்தின் உண்மையான இழப்பு வெளிப்படுகிறது. எருமைத் தோல் இன்றும் கிடைக்கும். அச்சு செய்துகொள்ளலாம். தோல் எப்போது இணங்கும் என்று விரலால் அறிந்த ஆள்தான் இல்லை. அவரிடம் இருந்த அறிவு ஏட்டில் ஏறாமல் போயிற்று. புதிதாகச் செய்கிறவர் கேடயத்தை மீட்கிறார் என்பதைவிட, தன்னையே அந்தப் பழைய நிமித்த காரணமாக மெல்ல மாற்றிக்கொள்கிறார் என்பதே பொருத்தம். சித்தாந்தக் கண்ணில் இதற்குத் தடையில்லை. ஒருமுறை வெளிப்பட்டு ஒடுங்கியது மறுமுறையும் வெளிப்படலாம்.

ஆனால் இந்த வழக்குக்கு மிகக் கூர்மையான கருவி மீமாஞ்சையிடம் இருக்கிறது. வேள்விக்கு விதித்த பொருள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பது வேள்வி விதிகளை ஆராயும் அந்த மரபினரின் கேள்வி. சோமக்கொடி கிடைக்காதபோது பூதிகம், விளைநெல் இல்லாதபோது காட்டுநெல் என்று பிரதிநிதி வைத்து வேள்வியை முடிக்கலாம். பதிலாக வைப்பது மூலத்துக்கு நெருங்கிய ஒப்புமை உடையதாக இருக்க வேண்டும்; கைக்கு எட்டியது எல்லாம் பதிலாகிவிடாது. சிலவற்றுக்கோ பிரதிநிதியே கிடையாது: தேவதை, வேள்வித் தீ, மந்திரம், செயல், பயனை வேண்டி வேள்வி தொடங்கிய ஆள். இவற்றில் ஒன்றை மாற்றினால் நடப்பது வேறு வேள்வி. காண்டாமிருகத் தோலுக்குப் பதில் எருமைத் தோல் எடுக்கும் இன்றைய கைவினைஞர் செய்வது ஏறக்குறைய இதே முடிவுதான். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற எல்லைக்கோட்டை அவரும் வகுத்தாக வேண்டும்.

கவசத்தில் மாற்றக் கூடாதது எது? சடங்குகளைப் பார்த்தால் விடை துலங்கும். சைவ பூசையில் பூசை செய்பவர் தம் உடலில் ஆறு அங்க மந்திரங்களைப் பதிக்கிறார்: இருதயம், சிரம், சிகை, கவசம், நேத்திரம், அத்திரம். கவச மந்திரத்துக்கு இரு கைகளும் மார்பின் குறுக்கே போய் எதிர்த்தோள்களைத் தொடும். அத்திர மந்திரத்தால் திசைகளுக்குக் காவலிடுவர். படைக்கலச் சாலையின் தற்காப்பும் தாக்குதலும் இங்கே இரண்டு சொற்களாகவும் இரண்டு கையசைவுகளாகவும் சுருங்கிவிட்டன. உலோகம் ஒரு குன்றிமணிகூட இல்லை. ஆனால் உடல் இருக்கிறது. எந்த உறுப்பு என்ற துல்லியமும் இருக்கிறது.

கவச நூல்கள் இதையே நீட்டிப் பாடியவை. பாகவதத்தின் ஆறாம் கந்தத்தில் விசுவரூபன் இந்திரனுக்கு நாராயண கவசத்தைச் சொல்லிக்கொடுக்கிறான். தமிழில் தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த வரதுங்கராம பாண்டியர் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரமோத்தர காண்டத்தைப் பாடினார். அதில் வரும் சிவகவசம் தனியாகவும் ஓதப்படுகிறது. பாளையக்காரர்கள் தோலும் இரும்பும் அணிந்த அதே காலத்தில் ஓர் அரசர் சொல்லால் கவசம் செய்திருக்கிறார் என்பது கவனிக்க வேண்டியது. பாம்பன் சுவாமிகள் 1891இல் இயற்றிய சண்முக கவசம் 30 பாடல்கள் கொண்டது. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் வரிசையாகப் பாட்டின் முதலெழுத்தாக அமைய, தமிழ் நெடுங்கணக்கே தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி வேலின் காவலில் வைக்கிறது.

சொற்கவசத்தில் மூலம், நகல் என்ற வேறுபாடு நுழைய வழியில்லை. பழனி அடிவாரத்தில் ஒலிபெருக்கியில் கேட்டாலும், மலேசியாவில் பத்துமலைப் படியேறும் ஒருவர் முணுமுணுத்தாலும், அது கந்த சஷ்டி கவசமேதான். ஓதும்போதெல்லாம் புதிதாகச் செய்யப்படுகிறது; ஒருபோதும் நகலாவதில்லை. மாறக்கூடாதவை அழைக்கப்படும் தெய்வமும் காக்கப்பட வேண்டிய உடலுமே. மீமாஞ்சையின் பட்டியலோடு இது ஒத்துப்போகிறது. எனவே கவசத்தின் ஒருமை அதன் பொருளில் இல்லை, காப்பவருக்கும் காக்கப்படும் உடலுக்கும் உள்ள உறவில் இருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. உலோகக் கவசம்கூட ஓர் ஆளின் தோளகலத்துக்கும் இடுப்புச் சுற்றுக்கும் அளவெடுத்துச் செய்ததுதான். அதை மரப்பொம்மையில் மாட்டிக் கூடத்தில் நிறுத்தும்போது வடிவம் காப்பாற்றப்படுகிறது, உறவு அற்றுப்போகிறது.

கோயில் நேர்மாறாக நடந்துகொள்கிறது. உறவைக் காப்பாற்றுவதற்காக வடிவத்தையும் பொருளையும் விட்டுக்கொடுக்கிறது. பழுதானதைப் புதுப்பிக்கும் சீர்ணோத்தாரணம் பற்றிய ஆகம, சிற்ப நூல்கள் திருமேனியின் உறுப்புகளைத் தரம் பிரிக்கின்றன. தலை போன்ற பேருறுப்புச் சிதைந்தால் திருமேனியை நீக்கிப் புதியது செய்ய வேண்டும். ஆயுதமும் அணியும் பழுதானால் சரிசெய்து வழிபாட்டைத் தொடரலாம். தெய்வத்தின் வேலும் கேடயமும் அதன் உடலோடு எண்ணப்படுகின்றன. ஆனால் திரும்பச் செய்யத்தக்க உறுப்புகளாக எண்ணப்படுகின்றன. திருப்பணியின்போது கலாகர்ஷணம் செய்து தெய்வத்தின் கலைகளைக் கும்ப நீருக்கு மாற்றி, பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னதியில் வைத்து, வேலை முடிந்ததும் மீட்டும் ஏற்றுகிறார்கள். பழனி மலைக்கோயிலில் 2006க்குப் பின் 2023 ஜனவரி 27இல் குடமுழுக்கு நடந்தபோதும் இதே ஒழுங்குதான். பட்டறையில் தொலைந்துபோன தொடர்ச்சியை இங்கே ஒரு குடம் தண்ணீர் தாங்குகிறது.

இந்த ஒழுங்குக்கும் எல்லை உண்டு. பழனியே அதற்குச் சான்று. மூலவர் திருமேனி சித்தர் போகர் நவபாஷாணம் என்னும் ஒன்பது நச்சுப்பொருள் கலவையால் செய்தது என்பது மரபு. 2004இல் அதற்கு முன்னால் ஐம்பொன்னால் செய்த புதிய திருமேனி ஒன்று வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே, சில மாதங்களில் அது அகற்றப்பட்டது. விதிப்படி பிரதிநிதி ஒன்றைச் செய்துவிடலாம். அதைத் தெய்வம் என்று ஏற்பவர் மனம் இசையாவிட்டால் அது சிலையாகவே நின்றுவிடும். இதற்கு எதிர்ப்புறத்தில் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைக் குழந்தை வேலப்பர் இருக்கிறார். அந்தத் திருமேனியையும் போகரே செய்தார் என்கிறது மரபு. ஆனால் பூம்பாறையைப் பழனியின் நகல் என்று மலைமக்கள் எவரும் சொல்வதில்லை. கொடைக்கானலிலேயே 1936இல் லீலாவதி ராமநாதன் எழுப்பிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலும், அங்கிருந்து வானம் தெளிந்த நாளில் பழனிமலை தெரியும் என்பதைப் பெருமையாகச் சொல்வார்களே தவிர, ஒன்றை மற்றதன் பிரதி என்று எண்ணுவதில்லை. நகல் என்ற குற்றச்சாட்டு, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும்போதுதான் பிறக்கிறது.

உலகில் படைக்கலங்களை மறுபடி செய்வதையே வழிபாடாக்கிய இடம் ஜப்பானின் இசே கோயில். பொ.ஆ. 690இல் தொடங்கிய மரபுப்படி இருபது ஆண்டுக்கு ஒருமுறை கோயில் முழுவதும் பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டப்படுகிறது. கடைசியாக 2013இல் 62ஆம் முறை. கட்டடத்தோடு தெய்வத்துக்குரிய 714 வகை, 1,576 பொருள்கள் மறுபடி செய்யப்படுகின்றன. வாள், வில், அம்பு, கேடயம் எல்லாம் அவற்றில் உண்டு. இருபது ஆண்டு என்பது ஒரு கைவினைஞர் கற்று, செய்து, அடுத்தவருக்குக் கற்பிக்கப் போதுமான இடைவெளி. நிமித்த காரணம் அறுந்துவிடாதபடி வகுத்த ஏற்பாடு இது. 15, 16ஆம் நூற்றாண்டுப் போர்களில் இந்தத் தொடர் நூறாண்டுக்கும் மேல் அறுந்து, பின்னர் மீட்கப்பட்டது. அறுந்த கண்ணிக்குப் பின் செய்தவையும் பழையவற்றுக்குக் குறைவான தூய்மை உடையவை என்று அங்கே கருதுவதில்லை.

பழனியில் பொருளைவிட நிகழ்ச்சியே மறுபடி செய்யப்படுகிறது. விசயதசமியன்று மலைக்கோயிலிலிருந்து பராசக்தி வேல் கீழே இறங்குகிறது. கோதைமங்கலத்தில் வன்னிகாசூரனை வதைக்கும் அம்பு போடும் விழா நடக்கிறது. பயஸ் பார்த்த மகாநவமி அணிவகுப்பின் உறவினர் என்று இதைச் சொல்வதில் தவறில்லை. அங்கே அரசனும் படையும் இருந்தார்கள். அரசும் படையும் போனபின் அம்பு மட்டும் எஞ்சி, ஆண்டுதோறும் எய்யப்படுகிறது. கந்த சஷ்டியின் ஆறாம் நாளில் வடக்குக் கிரிவீதியில் தாரகாசூரன், கிழக்கில் பானுகோபன், தெற்கில் சிங்கமுகன், மேற்கில் சூரபத்மன் என்று சூரர்கள் வரிசையாக வீழ்கிறார்கள். அவர்கள் ஏந்தும் ஆயுதங்கள் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கேட்டுப் பயனில்லை. வரலாற்றுத் துல்லியத்தில் அந்த விழாவுக்கு அக்கறை கிடையாது. மறு உருவாக்க ஆய்வாளருக்கு இது குறையாகத் தெரியலாம். விழாவின் கண்ணில், சூரனைக் கொல்லாமல் சூரனின் கேடயத்தை மட்டும் சரியாகச் செய்வதுதான் குறை.

திரும்பச் செய்யவே முடியாத கவசம் ஒன்றும் மரபில் உண்டு. கர்ணன் கவச குண்டலங்களோடு பிறந்தான். அவற்றை அவன் அணியவில்லை. அவை அவன் உடல். இந்திரன் வேதியன் வடிவில் வந்து யாசித்தபோது அறுத்துக் கொடுத்தான். ஈடாக வேல் ஒன்றைப் பெற்றான். வியாசரும் சொல்கிறார், வில்லிபுத்தூராரும் தமிழில் பாடியிருக்கிறார். கவசத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவு முழுமையடைந்த நிலை அது. அதனாலேயே அளவெடுத்து இன்னொன்று செய்ய எந்தக் கொல்லனாலும் ஆகாது. பெற்ற வேலோ ஒருமுறை மட்டும் எறியக்கூடியது. கடோற்கசன் மேல் அது செலவானபின் கர்ணனிடம் காப்பும் இல்லை, படையும் இல்லை. செய்யப்பட்ட கவசங்கள் எல்லாம் மறுபடி செய்யத்தக்கவை, பிறந்த கவசம் மட்டும் அல்ல என்று இந்தக் கதையிலிருந்து ஒரு பகுப்பு எடுக்கலாம்.

பழனி ஆண்டவருக்கோ காப்பு தேவையில்லை என்பது தத்துவம். ஆனாலும் சாயரட்சையில் ராஜ அலங்காரம் ஏறுகிறது, இராக்காலத்தில் சந்தனம் சாத்தப்படுகிறது. மறுநாள் அந்தச் சந்தனம் களையப்பட்டுப் பிரசாதமாகிறது. காப்பவர் யார், காக்கப்படுபவர் யார் என்ற திசை இங்கே புரள்கிறது. வைணவக் கோயில்களின் தைலக்காப்பிலும் இதே புரட்டு உண்டு. பழனியில் தெய்வத்தைக் காக்கும் பூச்சு நாள்தோறும் அழிந்து நாள்தோறும் புதிதாகிறது. முந்தைய நாள் சந்தனத்தின் வடிவத்தை அளந்து மறுநாள் அதேபோல் சாத்த வேண்டும் என்று எவரும் நினைப்பதில்லை. சந்தனத்துக்கும் விசயநகரத்துக் கேடயத்துக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் நம் கேள்வியின் எல்லா விடைகளும் விழுகின்றன. எந்தப் பொருளில் நினைவு வடிவத்தைப் பற்றி நிற்கிறதோ அங்கே ஆய்வாளர் வேண்டும். எங்கே அது செயலைப் பற்றி நிற்கிறதோ அங்கே பூசாரி போதும்.

இரு தரப்பும் கடைசியில் வேறுபடுவது ஒரு நடைமுறையில். கோயிலில் பழையதற்கு முடிவு விதிக்கப்பட்டிருக்கிறது. நீக்கிய திருமேனியை நீரில் விடுவர். உலோகமானால் உருக்கிப் புதியதில் சேர்க்கும் வழக்கமும் உண்டு. இசேயில் பழைய அருட்பொருள்களை முன்பு எரித்தும் புதைத்தும் வந்தார்கள். இக்காலத்தில் சில அருங்காட்சியகத்தில் வைக்கப்படுகின்றன. ஆய்வுக்காகச் செய்த மாதிரிக் கவசத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை. அது மூலத்தை அழிப்பதில்லை, மூலத்தின் இடத்தைப் பிடிப்பதும் இல்லை. இரண்டும் ஒரே காலத்தில் இருக்கின்றன. இதனால் வரும் ஆபத்து எளியது: நூறாண்டு கழித்து மாதிரிக்கும் வயது கூடி, துருவும் தேய்மானமும் ஏறி, மூலம் என்று விலைபோகலாம். ஆகவே மறு உருவாக்கத்தில் பொறுப்புள்ளவர்கள் தகட்டின் உட்புறத்திலோ கேடயத்தின் மெத்தைக்கு அடியிலோ செய்த ஆண்டையும் செய்தவர் அடையாளத்தையும் பொறித்து, பதிவேட்டில் எந்தப் பொருள் எதற்குப் பதிலாக எடுக்கப்பட்டது என்பதையும் குறித்துவைக்கிறார்கள்.